சகலை வண்டி பேட்டரி

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவன் நான். ஒரு நட்டு கழண்டு கிடந்தா ஏன் கழண்டுச்சுன்னுதான் பாப்பேனே தவிர, யாரு கழட்டினாங்கன்னு வானத்தைப் பாக்கிற ஆள் இல்லை. எங்க கோலார் தங்க வயல்ல இந்த மாதிரி கதைக்குப் பஞ்சமே இல்லைங்க. ஊருக்கு மேல எத்தனை தெரு இருக்குதோ அத்தனை தெரு கீழேயும் இருக்குது, அதுல போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கன்னு யாராலேயும் சொல்ல முடியாது, அதனால ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. யார் சொன்னாலும் முதல்ல சிரிக்கிறவன் நான்தான். இப்ப நீங்க சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க, உங்க முறை.

இது மைன்ஸ் மூடறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி நடந்துச்சு. ஒரு பேட்டரியால நடந்துச்சு. கார் பேட்டரிங்க. பேய்க் கதை கேக்க வந்த இடத்துல பேட்டரிக் கதை சொல்றானேன்னு கோச்சுக்காதீங்க, ரெண்டும் ஒரே ஜாதிதான், உள்ளே உசிரு இருக்குதா போச்சான்னு வெளியிலேர்ந்து பாத்துச் சொல்லவே முடியாது.

எனக்கு ஒரு சகலை இருக்கான், தேவராஜ். என் வீட்டுக்காரி மல்லிகாவோட தங்கச்சியைக் கட்டினவன். வயசுல ரெண்டு பேரும் ஒண்ணு, கல்யாணத்துல நான் முன்னே, அதாவது முறைப்படி நான்தான் அந்த வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை. முறைப்படின்னா கல்யாணப் பத்திரிகையில மட்டும். மத்தபடி என் மாமனார் முனுசாமி என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினா எப்படிச் சொல்லுவார் தெரியுமா? "இவரு நம்ம தேவராஜோட சகலைங்க." அவ்ளோதான். எனக்கும் அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, ரேஷன் கார்டுல இருந்துச்சு, ஃபேக்டரி கேட் பாஸ்ல இருந்துச்சு, மாமனார் வாயில மட்டும் ஒரு தடவை கூட வந்ததில்லை.

மாமனார் மைன்ஸ்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். தேவராஜும் மைன்ஸ்தான், லேம்ப் ரூம்ல வேலை. கீழே இறங்கற ஒவ்வொரு ஆளுக்கும் தலையில மாட்டிக்கிற லைட்டும் அதுக்கு இடுப்புல கட்டிக்கிற பேட்டரியும் குடுத்து, ஷிஃப்ட் முடிஞ்சு மேலே வந்ததும் திருப்பி வாங்கி சார்ஜில போடற இடம் அது. நான் ஆம்பூர்ப் பக்கத்துலேர்ந்து ஃபேக்டரி வேலைக்குன்னு வந்தவன். எனக்கு ஒண்ணாம் தேதின்னா சம்பளம், கம்பெனி பஸ்ஸு, கேன்டீன்ல பாதி விலைக்கு வடை. அவனுக்குச் சம்பளம் வந்தா வந்துச்சு, ஊரிகத்துல பழைய லைன் வீடு, அதுலேயும் மழை பேஞ்சா ரெண்டு குண்டான் வெக்கணும். நியாயமாப் பாத்தா அவன்தான் என்னைப் பாத்துப் பொறாமைப்படணும். படலை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். சரி, யாராவது ஒருத்தர் பட்டுத்தானே ஆகணும்னு நான் பட்டேன்.

காரணம் அவனோட ஃபியட். ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோட போன ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆபீசர், இவன் மேல இருந்த பிரியத்துல சும்மா மாதிரி விட்டுட்டுப் போன வண்டி. அதுல இருந்த பேட்டரியை அவன் மாத்தினதே இல்லை. ஆபீசர் எப்ப போட்டதுன்னும் தெரியாது. டிசம்பர் மாசத்துல எங்க ஊர்க் குளிரு உங்களுக்குத் தெரியாது, விடிகாலையில லாரிக்காரங்க எல்லாம் வண்டியைத் தள்ளிக்கிட்டே அன்னிக்கு வேலையை ஆரம்பிப்பாங்க. அந்தக் குளிர்ல தேவராஜ் சாவியைத் திருப்புவான், ஒரே டச், டுர்ர்ருன்னு கிளம்பிடும். நம்பினா நம்புங்க, அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு வயித்தெரிச்சல்ல காலை டிபன் இறங்காது.

என் வண்டி அம்பாசிடர். வண்டி நல்ல வண்டிங்க, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், பேட்டரிதான் என்கிட்ட தங்காது. நான் கவனிச்ச கவனிப்பு அப்படி. தினம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவேன், குறையாம இருக்கட்டும்னு வாய் வரைக்கும் ஊத்துவேன், வண்டி ஓடும்போது அது பொங்கி ஆசிட்டோட வழிஞ்சு பேட்டரி உக்கார்ற தட்டையே அரிச்சுத் தின்னுச்சு. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்தா வெந்நீர் ஊத்திக் கழுவி, துடைச்சு, வேசலின் தடவுவேன். கிளாம்ப்பை இறுக்கறேன்னு ஒரு தடவை டெர்மினல் கம்பத்தையே திருகி எடுத்துட்டேன். குளிர் காலத்துல பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ளே கொண்டு வந்து கம்பளி சுத்தி வெப்பேன். மல்லிகா பாத்துட்டு, "இன்னாங்க, அதுக்குக் கம்பளி, எனக்கு உங்க பழைய லுங்கியா?"ன்னு கேட்டா. ராபர்ட்சன்பேட்டையில பேட்டரி கடை வெச்சிருந்த பாய் என்னைத் தூரத்துல பாத்தாலே டீ சொல்லிடுவார். வேற யாருக்கும் அந்த மரியாதை கிடையாது, அவர் வீட்டுச் செலவுல பாதி என் வண்டியில ஓடுது.

ஒரு நாள் வெக்கத்தை விட்டு தேவராஜ்கிட்டயே கேட்டேன்.

"சகலை, அந்தப் பேட்டரிக்கு இன்னாதான் பண்றே நீ?"

"ஒண்ணும் பண்றதில்லை சகலை."

"தண்ணி?"

"எப்பவாச்சும் ஞாபகம் வந்தா லேம்ப் ரூம் கேன்ல மிஞ்சினது ஊத்துவேன். பண்றவங்களுக்குத்தான் பேட்டரி போகுது. நீயும் சும்மா இருந்து பாரேன்."

சும்மா இருக்கிறதாம். எனக்கு வராத ஒரே வேலையை என்னைச் செய்யச் சொல்றான். அவன்கிட்டயே அந்த லேம்ப் ரூம் தண்ணி ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து ஊத்தினேன், அடுத்த வாரமே பேட்டரி போச்சு, பாய் டீ சொன்னார்.

இங்கே மைன்ஸ்காரங்க பழக்கம் ரெண்டைச் சொல்லிடறேன், பின்னாடி வேணும். ஒண்ணு, லேம்ப்பை வாங்கிட்டுப் போனவன் அவன் கையாலேயே கொண்டாந்து திருப்பிக் குடுக்கணும். இன்னொருத்தன்கிட்ட குடுத்து அனுப்பக் கூடாது. லேம்ப்பை அடுக்கி வெக்கிற ராக்குல ஒரு இடம் காலியா இருந்தா அந்த ஆள் இன்னும் கீழே இருக்கான்னு அர்த்தம், அதுலதான் கணக்கே. ரெண்டாவது, கீழே இருட்டுல யாரோட லேம்ப் வெளிச்சமாவது உன் மூஞ்சியில விழுந்தா உடனே பேரைச் சொல்லணும். லைட்டுக்குப் பின்னாடி இருக்கிறவன் யாருன்னு உனக்குத் தெரியாது, புழுதி பூசின மூஞ்சி யாருதுன்னு அவனுக்கும் தெரியாது, அதுக்காக. என் மாமனாருக்கு இது ரிடையர் ஆகியும் போகலை. வீட்டுல கரண்ட் போய், நான் டார்ச் அடிச்சு அவர் மூஞ்சியில பட்டுச்சுன்னா, சோத்தை மென்னுக்கிட்டே "முனுசாமி"ன்னுவார். தேவராஜ் மேல பட்டா "தேவராஜ்". நான் வேணும்னே மாத்தி மாத்தி அடிப்பேன். முனுசாமி, தேவராஜ், முனுசாமி, தேவராஜ். மல்லிகா டார்ச்சைப் பிடுங்கி என் மூஞ்சியில அடிப்பா, நான் "கவர்னர்"னுவேன். அப்படிச் சிரிச்சிருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடைசி மச்சினிச்சி செல்விக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது, பெங்களூர்ப் பையன். நிச்சயதார்த்தத்துக்கு அவங்க வீட்டு ஆளுங்களை ஊரிகம் ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வர என் அம்பாசிடர்தான் போச்சு, நான்தான் அடம் பிடிச்சு எடுத்துட்டுப் போனேன். திரும்பும்போது ஸ்டேஷன் வாசல்லயே நின்னுடுச்சு. டிக், டிக். அவ்ளோதான் பேச்சு. கடைசியில யாரு தள்ளினாங்க தெரியுங்களா, சம்பந்திக்காரர். பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூச்சு வாங்க, "தம்பி, கியரை விடுங்க, கியரை விடுங்க"ன்னு கத்திக்கிட்டே தள்ளினார். அன்னிக்கு மாமனார் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. என் பக்கத்துல நின்னு தேவராஜைப் பாத்து, "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு நீயே வண்டியைக் கொண்டாந்துடுப்பா"ன்னார்.

பெரிய மாப்பிள்ளை நான் இருக்கும்போது, மாப்பிள்ளை அழைப்புக்குச் சின்ன மாப்பிள்ளை வண்டி! எனக்கு அப்ப இருந்த நிலைமையில அந்த ஒரு நாள் என் வண்டி முன்னாடி போகலைன்னா அப்புறம் சாகிற வரைக்கும் நான் தேவராஜ் சகலைதான்னு தோணிடுச்சு. சிரிக்காதீங்க, உங்களுக்கும் ஒரு சகலை இருந்தா தெரியும்.

அப்ப தேவராஜ் என்ன பண்ணினான் தெரியுமா? எனக்காகப் பேசினான். "மாமா, மாப்பிள்ளைக்குப் பெரிய வண்டிதான் அழகு. சகலை வண்டியே போவட்டும். என் பேட்டரியை அதுல மாட்டித் தரேன், நிக்காது"ன்னான். பாருங்க, பொறாமைப்படறதுக்குக் கூட விட மாட்டேங்கறான் மனுஷன், நல்லவனா வேற இருந்து தொலைக்கிறான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவனே கழட்டி என் கையில குடுத்தான். குடுக்கும்போது லேம்ப் ரூம் ஜன்னல்ல குடுக்கிற மாதிரியே ரெண்டு கையாலேயும் நீட்டி, "உன் கையாலே கொண்டாந்து குடு சகலை"ன்னான். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவானாம். "ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்ல மறந்துட்டேன். அவன் இடம் இன்னும் ராக்குல காலியாத்தான் கெடக்குது"ன்னு சொல்லிட்டு, சிரிக்கிற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டான். ராக் பர்ஸ்ட்டுன்னு கீழே பாறை தானா வெடிச்சு இறங்கி ஆள் கிடைக்காமப் போன கதைங்க ஊர்ல இருக்குது, அதுல இது எதுன்னு நான் கேக்கலை. எனக்கு அப்ப டெர்மினல்ல வேசலின் தடவற அவசரம்.

மாப்பிள்ளை அழைப்பு ஜம்முனு நடந்துச்சு. வழியெல்லாம் சும்மா சும்மா நிறுத்தி, சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே டச். மாப்பிள்ளைப் பையன், "என்ன சார், அடிக்கடி நிறுத்தறீங்க?"ன்னு கேட்டான். ஊரைச் சுத்திக் காட்டறேன்னு சொன்னேன். மாமனார் மண்டப வாசல்ல நின்னு வண்டியைப் பாத்து, என்னைப் பாத்து, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் இருக்குதே, அதுக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லாம் ஆச்சு.

பேட்டரியைத் திருப்பிக் குடுக்க மனசு வரலை. திருடினேன்னு நினைக்காதீங்க, நான் அவ்ளோ தைரியசாலி கிடையாது. பாய் கடையில இருக்கிறதுலேயே நல்லதா ஒரு புது பேட்டரி வாங்கினேன், அட்டைப் பெட்டியைக் கூடப் பிரிக்கலை. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துக்கு எல்லாரும் ராபர்ட்சன்பேட்டையில மாமனார் வீட்டுல கூடியிருந்தோம், அன்னிக்கு தேவராஜுக்கு ஷிஃப்ட், சாயந்திரம்தான் வருவான். அவன் வர்றதுக்குள்ளே பெட்டியை மாமனார் கையில குடுத்து, நாலு பேர் காதுல விழற மாதிரி, "சகலை பாவம் பழைய பேட்டரியை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறான், அவனுக்கு நம்ம பரிசு, நீங்களே குடுத்துடுங்க மாமா"ன்னேன். எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. புது பேட்டரி குடுத்துட்டுப் பழசை வெச்சுக்கிறவன் திருடன்னு எந்தக் கோர்ட்டுலயும் சொல்ல மாட்டாங்க. மல்லிகா மட்டும் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "நான் நாளைக்கு பஸ்ஸுல வரேன், நீங்க போங்க"ன்னா.

பொழுது சாயற நேரம். இன்னும் முழுசா இருட்டலை. நான் மட்டும் அம்பாசிடர்ல கிளம்பினேன். ராபர்ட்சன்பேட்டையிலேர்ந்து ஊரிகம் தாண்டி, பாலகாட் மைன்ஸ் வழியா ஃபேக்டரி குவாட்டர்ஸுக்குப் போகணும். ஊரிகம் லைன் வீடுங்க முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின சைனைட் மண் மேடு, மலை மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஹெட்லைட்டைப் போட்டேன். மஞ்சளா, மங்கலா எரிஞ்சுது. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம்! தேவராஜ் பேட்டரியும் போச்சுடா, அவனும் நம்மள மாதிரிதான்டான்னு ஸ்டீரிங்கைத் தட்டிச் சிரிச்சேன். போன பேட்டரி என் வண்டியில இருக்குது, நடுரோட்டுல நிக்கப் போறவன் நான், அதெல்லாம் மண்டையில ஏறலை. பொறாமைக்காரன் புத்தி அப்படி.

அப்புறம்தான் பாத்தேன், முன்னாடி ரோட்டுல ரெண்டு வெளிச்சம் இல்லை. ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு பல்பு போயிருக்கும்னு நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டுல பாய் விரிச்ச மாதிரி விழும், இது ஒரு தட்டு அளவுக்கு உருண்டையா, சின்னதா விழுந்துச்சு. அதுவும் ஒரே இடத்துல நிக்காம லேசா ஆடி ஆடி, ஒரு மனுஷன் நடந்து போற மாதிரி முன்னாடி போச்சு. ரோடு மோசம், வண்டி குலுங்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லி முடிக்கல, அந்த வெளிச்சம் ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்புச்சு. நான் ஸ்டீரிங்கை நேரா பிடிச்சிருக்கேங்க. வண்டி நேரா போகுது. வெளிச்சம் மட்டும் திரும்பி, மண் மேட்டு மேல மெதுவா ஏறி, அந்தப் பக்கம் மூடிக் கிடந்த பழைய ஷாஃப்ட்டோட, அதான் சுரங்கத்துக்குள்ளே இறங்கற குழியோட, இரும்பு கேட்டுல போய் நின்னுச்சு. ஆளு தலையைத் திருப்பிப் பாக்கிற மாதிரி.

இன்ஜின் நின்னுடுச்சு. நானா நிறுத்தலை. சாவியைத் திருப்பினேன், டிக்குன்னு கூட ஒரு சத்தம் இல்லை. ஒரு டிக் சத்தத்துக்காக நான் அப்படி ஏங்கினது அன்னிக்குத்தான். லைட் சுவிட்சை அணைச்சேன். வெளிச்சம் அப்படியே இருந்துச்சு. கேட்டைப் பாத்து மேலேயும் கீழேயும் ரெண்டு தடவை அசைஞ்சுது. வண்டிக்குள்ளே ஒரே புழுக்கம், ஈரப் பாறை வாசனையும் வெடி மருந்து வாசனையுமா கலந்து வந்துச்சு. மாமனார் ஷிஃப்ட்ல போட்டிருந்த பழைய சட்டையை மாமியார் இன்னும் பொட்டியில வெச்சிருக்காங்க, அதுல அந்த வாசனை அடிக்கும்.

அப்புறம் அந்த வெளிச்சம் திரும்பி என் மூஞ்சியில விழுந்துச்சு.

நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும், நானே இதைச் சொல்லும்போது நம்ப மாட்டேன். ஹெட்லைட் வண்டிக்கு முன்னாடி இருக்குது, முன்னாடி பாத்து இருக்குது. நான் உள்ளே உக்காந்திருக்கேன். என் வண்டி வெளிச்சம் என் மூஞ்சியில எப்படி விழும்? விழுந்துச்சு. கண்ணு கூசுச்சு. அதுக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியலை. விழுந்து அப்படியே நின்னுச்சு, எதையோ கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

பேரைச் சொல்லணும். அது எனக்குத் தெரியும். எத்தனை தடவை டார்ச் அடிச்சுக் கிண்டல் பண்ணியிருக்கேன். வாயைத் திறந்தேன். என் பேரு வரலைங்க. கடைசியில என்ன வந்துச்சு தெரியுமா? கையைக் கூப்பிக்கிட்டு, அழுகிற குரல்ல, "நான் தேவராஜோட சகலைங்க"ன்னேன்.

எந்தப் பேரை வேண்டாம் வேண்டாம்னு இத்தனை வருஷம் வயிறு எரிஞ்சேனோ, அதையே சொன்னேன்.

வெளிச்சம் கொஞ்ச நேரம் அசையலை. அப்புறம் என் மூஞ்சியிலேர்ந்து நெஞ்சுக்கு இறங்குச்சு, நெஞ்சிலேர்ந்து இடுப்புக்கு வந்துச்சு. இடுப்புல நின்னு தேடுச்சு. கீழே போறவங்க லேம்ப் பேட்டரியைக் கட்டிக்கிற இடத்துல. அங்கே என்ன இருக்குது, விருந்து சாப்பிட்ட தொப்பைதான் இருக்குது. அப்புறம் அது கண்ணாடி வழியா வெளியே போய், பானெட் மேல விழுந்து நின்னு, அணைஞ்சுடுச்சு.

எவ்ளோ நேரம் அப்படியே உக்காந்திருந்தேனோ. கீழே இறங்கி பானெட்டைத் திறந்தேன். மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு, நல்லாவே தெரிஞ்சுது. பேட்டரியோட ரெண்டு கிளாம்ப்பும் கழண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணா ஒழுங்கா மடிச்சு வெச்ச மாதிரி கிடந்துச்சு. காலையில பத்து பதினொண்ணு நம்பர் ஸ்பேனர் போட்டு நான் இறுக்கினது. நான் இறுக்கினா கம்பமே கழண்டு வரும், கிளாம்ப் கழலாது. ஏன் கழண்டுச்சுன்னு பாக்கிற ஃபிட்டர், அன்னிக்கு வானத்தைப் பாத்தேன்.

திரும்பி மாட்டற தைரியம் இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு, உன் கையாலே கொண்டாந்து குடு. பேட்டரியைத் தூக்கிக் குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஊரிகத்தைப் பாத்து நடந்தேன். பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி, கையில பேட்டரி. எதிர்ல சைக்கிள்ல வந்த ஒருத்தன் இறங்கி நின்னு வழி விட்டான், அவன் இன்னிக்கு யார்கிட்ட என்ன பேய்க் கதை சொல்லிக்கிட்டிருக்கானோ.

தேவராஜ் அப்பத்தான் மாமனார் வீட்டுலேர்ந்து வந்து வாசல்ல உக்காந்திருந்தான், பக்கத்துல நான் குடுத்த அட்டைப் பெட்டி, பிரிக்காம. என்னைப் பாத்து எழுந்தான். ரெண்டு கையையும் நீட்டினான், நான் ரெண்டு கையாலேயும் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, "வந்துட்டியா"ன்னான். என்னைத்தான் கேட்டான்னு வெச்சுக்கிறேன். ஆனா பாத்தது பேட்டரியை.

தண்ணி குடிச்சு மூச்சு வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். அவன் சிரிக்கலை. அவன் சிரிச்சிருந்தா எவ்ளோவோ நல்லாயிருந்திருக்கும்.

"மூஞ்சியில வெளிச்சம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்... உன் பேரைச் சொன்னேன். தேவராஜ் சகலைன்னு."

"உன் பேரு?"

"வரலை சகலை."

பேட்டரியைக் கீழே வெச்சான். "அப்ப உன்னை வுட்டது எனக்காவத்தான். நீ யாருன்னு இன்னும் தெரியாது. திரும்பக் கேப்பாங்க"ன்னான்.

"யாரு?"

"கேக்கிறவங்க."

இதுக்கு மேல அவன்கிட்டேர்ந்து நான் ஒரு வார்த்தை வாங்கினதில்லை, இன்னிக்கு வரைக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி, என்ன இருந்தாலும் ஃபிட்டர் புத்தி, ஒரு ரூபா காசை வெச்சு பேட்டரி மூடியைத் திருகித் திறந்து பாத்தேன். ஆறு அறையிலேயும் பாத்தேன். பொட்டுத் தண்ணி இல்லை, ஆசிட் இல்லை. காஞ்ச சுண்ணாம்பு மாதிரி தகடெல்லாம் உதிர்ந்து கிடந்துச்சு. அது செத்துப் பல வருஷம் ஆன பேட்டரிங்க. அவ்ளோ தூரம் நெஞ்சோட சாச்சு தூக்கிட்டு வந்திருக்கேன், சாதாரணப் பேட்டரியா இருந்தா ஆசிட் வழிஞ்சு சட்டை கந்தலாகியிருக்கணும். மறுநாள் மல்லிகா வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தா. ஒரு ஓட்டை இல்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு அத்தனை தடவை ஒரே டச்சுல கிளப்புச்சே, எதை வெச்சுக் கிளப்புச்சு? பாய்கிட்ட கேட்டேன். டீ சொல்லிட்டுப் பேச்சை மாத்திட்டார்.

தேவராஜ் அந்தப் பேட்டரியை என் கண்ணு முன்னாடியே ஃபியட்ல மாட்டினான். சாவியைத் திருப்பினான். ஒரே டச்.

நிஜமாச் சொல்றேன், அவ்ளோ பயத்துலேயும் எனக்கு வயிறு எரிஞ்சுது.

புது பேட்டரியை அவன் என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டான், மறுநாள் அவனே கூட வந்து என் அம்பாசிடர்ல மாட்டியும் விட்டான். அந்த வழியாப் போன யாரோ பாத்திருக்காங்க. ஒரு வாரத்துல மாமனார் ஊரெல்லாம் சொல்லிட்டார், "எங்க தேவராஜுக்கு இன்னா மனசு பாருங்க, தனக்குப் பரிசா வந்த புது பேட்டரியை அப்படியே தூக்கி அவன் சகலைக்குக் குடுத்துட்டான்." நான் காசு போட்டு வாங்கினது! அந்த ரசீது இன்னும் என் பர்ஸ்ல இருக்குது, யாரும் பாக்க மாட்டேங்கறாங்க.

மைன்ஸ் மூடினாங்க. சைரன் நின்னுச்சு. தேவராஜ் ஃபியட்டை வித்தான், விக்கும்போது பேட்டரியை மட்டும் கழட்டி வெச்சுக்கிட்டான். அவன் வீட்டு அலமாரியில இருக்குது, நான் போனா அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உக்காருவேன். நானும் அம்பாசிடரைக் குடுத்துட்டு வேற வண்டி வாங்கிட்டேன். நல்ல பேட்டரி, காலையில ஒரே டச்சுல கிளம்புது, இப்ப எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒண்ணே ஒண்ணைத் தவிர. இடது பக்க ஹெட்லைட். மெக்கானிக் நேரா வெச்சு, ஸ்குரூ இறுக்கி, சுவத்துல அடிச்சுக் காட்டித்தான் வண்டியைக் குடுக்கிறான். கொஞ்ச நாள்ல அது தானா உள்பக்கமாத் திரும்பிடுது. "அண்ணே, ரோட்டைப் பாக்க வேண்டிய லைட்டு டிரைவரைப் பாக்குது, யாராச்சும் கை வெக்கிறாங்களா?"ன்னு கேக்கிறான். ஒவ்வொரு தடவையும் முன்னைக்கு இப்ப கொஞ்சம் அதிகமாத் திரும்பியிருக்குது. தேவராஜுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது பாருங்க, அதுலேயும் அவனுக்குத்தான் யோகம்.

என்ன கேட்டீங்க, என் பேரா? இவ்ளோ நேரம் கதை கேட்டுட்டு இப்ப எதுக்குங்க பேரு. தேவராஜ் சகலைன்னு கேளுங்க, ஊர்ல யாரு வேணும்னாலும் காட்டுவாங்க. அதுவே இருக்கட்டும்.